பிஷிங்: தமிழில் தூண்டிலிடல்

'உங்கள் வங்கிக் கணக்கு இடைநிறுத்தப்பட்டுள்ளது. இன்றைக்குள் கீழே உள்ள லிங்கை அழுத்தி விவரங்களை உறுதிப்படுத்தவும்.' இப்படி ஒரு மெசேஜ் கிளிநொச்சி ரவுனிலும் வரும், மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ வயலில் நிற்பவரின் போனுக்கும் வரும். தபாலில் வந்த பார்சல் தேங்கிக் கிடக்கிறது, சிறு தொகை கட்டினால் விடுவிக்கலாம் என்றும் வரும். இந்த மோசடிக்குத்தான் ஆங்கிலத்தில் பிஷிங் என்று பெயர். நம்பத்தக்க ஆளாகவோ நிறுவனமாகவோ நடித்து, கடவுச்சொல், அட்டை இலக்கம், ஓடிபி ஆகியவற்றை உரியவர் கையாலேயே கொடுக்கவைத்துப் பறிப்பது.

'உரியவர் கையாலேயே' என்பதுதான் இதில் முக்கியம். வேர்ம் எனப்படும் கணினிப் புழு மென்பொருளின் ஓட்டையைத் தேடிப் புகும். சேவை மறுப்புத் தாக்குதல் பொய்க் கோரிக்கைகளை அள்ளிக் கொட்டி ஒரு தளத்தைத் திணறடிக்கும். பிஷிங் நம்புவது ஆளின் அவசரத்தையும் பயத்தையும். நிறுவனங்களின் கோப்புகளைப் பூட்டிவிட்டுக் கப்பம் கேட்கும் நிரல்கூடப் பல தடவை ஊழியர் ஒருவர் திறந்த போலி மின்னஞ்சல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பு மீன்பிடியில்தான். மீன்பிடியைக் குறிக்கும் சொல்லில் முதலில் நிற்கும் எஃப் எழுத்தை எடுத்துவிட்டு, பி, எச் என்ற இரண்டு எழுத்துகளை வைத்தார்கள். அந்த எழுத்து மாற்றம், அதே பி, எச் எழுத்துகளில் தொடங்கும் 'ப்ரீக்கிங்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. 1970களுக்கு முன்பிருந்தே அமெரிக்காவில் சிலர் 2600 ஹேர்ட்ஸ் ஒலியைத் தொலைபேசிக்குள் ஊதி, தொலைதூர அழைப்பு வலையமைப்பை ஏமாற்றி வந்தார்கள். அந்த வேலைக்கு ப்ரீக்கிங் என்று பெயர். 1990களின் நடுப்பகுதியில் 'அமெரிக்கா ஒன்லைன்' இணையச் சேவையின் ஊழியர்களாக நடித்து, 'கணக்கைச் சரிபார்க்க வேண்டும்' என்று கடவுச்சொல் கேட்டவர்களிடையே பிஷிங் என்ற சொல் புழங்கியது.

பிஷிங் என்று தமிழில் எழுதும்போது அந்த எழுத்து விளையாட்டு முழுக்க மறைந்துவிடுகிறது. படிப்பவருக்குக் கிடைப்பது பொருள் தெரியாத ஓர் ஒலி மட்டும். அதனால்தான் இதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்கிறேன்.

வலைவீச்சு என்று சொல்லலாமா? நம்மூர்ச் செய்திகளில் அந்தச் சொல்லை ஏற்கெனவே பொலிஸ் எடுத்துக்கொண்டுவிட்டது. 'சந்தேகநபருக்கு வலைவீச்சு' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு அது குழப்பம்தான். பொருளும் பொருந்தாது. முல்லைத்தீவுக் கரையில் இழுக்கும் கரைவலையோ நந்திக்கடலில் எறியும் வீச்சுவலையோ, மீன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் வாரிக்கொண்டு வரும். தூண்டிலில் மட்டும் மீன் தானாக வாயைத் திறக்க வேண்டும். குளக்கட்டில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்ட பிள்ளைகளுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

தூண்டில், தூண்டு என்ற வினையடியிலிருந்து வந்த சொல். விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், ஒருவரைக் கோபத்துக்குத் தூண்டுகிறோம். 'உடனே', 'இன்றைக்குள்', 'கடைசி வாய்ப்பு' என்று அந்த மெசேஜ்கள் செய்வதும் அதே வேலைதான். 'தூண்டிற்பொன் மீன்விழுங்கி யற்று' என்கிறது 931ஆம் குறள். அங்கே பொன் என்றால் இரும்பு. இரைக்குள் மறைந்திருக்கும் இரும்பை இரையென்று நினைத்து மீன் விழுங்குகிறது. குறளில் பேச்சு சூதைப் பற்றியது. ஆனால் இந்த மோசடியில் லிங்க் இருக்கும் இடம் அப்படியே அந்த இரும்பின் இடம்.

ஆகவே தூண்டிலிடல் என்ற சொல்லே சரி என்பது என் முடிவு. வரும் செய்தியைத் தூண்டிற்செய்தி எனலாம். எஸ்எம்எஸ்ஸில் வருவது ஸ்மிஷிங், அழைப்பில் வருவது விஷிங். குறுஞ்செய்தித் தூண்டில், குரல் தூண்டில் என்றால் போதும். ஒருவரின் பெயர், வேலை, உறவு எல்லாம் அறிந்து அவருக்கென்றே எழுதப்படுவதற்குக் குறிதூண்டில் என்பது பொருந்தும்.

இந்தக் கடைசி வகைதான் வன்னிக்கு அதிகம் கவலை தருவது. வெளிநாட்டு உறவின் காசை நம்பியிருக்கும் வீடுகள் இங்கே நிறைய. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் வட்ஸ்அப்பைக் கைப்பற்றியவர், அவர் படத்தோடு, அவர் பெயரில் 'அவசரமாகக் கொஞ்சம் காசு போடு பிள்ளை' என்று எழுதினால் யார் சந்தேகப்படுவார்கள்? கைப்பற்றும் வழியும் ஒரு தூண்டில்தான்: 'தெரியாமல் உங்கள் போனுக்கு 6 இலக்கக் குறியீடு ஒன்று அனுப்பிவிட்டேன், அதைச் சொல்லுங்கள்.' அந்தக் குறியீடுதான் கணக்கின் சாவி. காசு கேட்டு மெசேஜ் வந்தால் பழைய இலக்கத்துக்குக் கோல் எடுத்து, குரலைக் கேட்ட பிறகு அனுப்புங்கள். வட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படி உறுதிப்படுத்தலையும் போட்டு வையுங்கள். 6 இலக்கக் குறியீடு களவு போனாலும், நீங்கள் அதில் வைக்கும் இரகசிய எண் இல்லாமல் கணக்கு உடனே மற்றவர் கைக்குப் போகாது.

இணைய முகவரியில் வங்கியின் பெயர் இருப்பதாலேயே அது வங்கியின் தளமாகிவிடாது. 'https://' என்பதற்குப் பிறகு வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் நிற்கும் பகுதிதான் உரிமையாளரைக் காட்டும். பூட்டுச் சின்னம் தகவல் வழியில் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டுப் போவதை மட்டுமே சொல்கிறது, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்று சொல்வதில்லை. ஏற்கெனவே விவரம் கொடுத்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே வங்கிக்குக் கோல் எடுத்து அட்டையை நிறுத்துங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள். அப்புறம் பொலிஸில் முறையிடுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இலங்கையில் நடைமுறையில் இருக்கிறது.