தீப்பந்தம் எப்போது அணையும்?

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். பிளஸ் டூ முடித்தவர். விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்த ஐந்து பேர், வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், பாய் விரித்து உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறார்களாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, பாழடைந்த சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

அவர் கேட்டது இது: “மூட்டையில் என்ன இருக்கிறது, எவ்வளவு கனம், எத்தனை தீப்பந்தம் மிச்சம் என்று எழுதி எழுதியே ஆட்டம் சலித்துவிடுகிறது. எழுதாமல் விட்டால் இருட்டைப் பார்த்து யாருக்கும் பயமே வருவதில்லை. இதற்கு வழி உண்டா?”

உண்டு. அந்த வழிக்குள் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது.

முதலில் சுமை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது, சாமான்களின் எடையைத் தங்கக் காசுகளின் எண்ணிக்கையில்தான் சொன்னார்கள். சுரங்கத்துக்குள் போவதே புதையலுக்காக. இந்தக் கேடயத்தைத் தூக்கினால் எத்தனை காசை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கணக்கு எளிது: வீரனின் பலத்துக்கு ஆட்டத்தில் ஓர் எண் உண்டு; அதை 15ஆல் பெருக்கினால் அத்தனை பவுண்ட் தூக்கலாம். பலம் 10 என்றால் 150 பவுண்ட், ஏறத்தாழ 68 கிலோ. அவ்வளவையும் சுமந்துகொண்டு ஒருவர் நாளெல்லாம் சாதாரணமாக நடப்பார் என்பதை மூட்டை தூக்கிப் பழகிய யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதனால் அதே பதிப்பில் இன்னொரு விதியையும் வைத்தார்கள். சுமை பலத்தின் 5 மடங்கைத் தாண்டினால் வேகம், அதாவது தன் முறையில் நகரும் தூரம், 10 அடி குறையும். 10 மடங்கைத் தாண்டினால் 20 அடி. வேறு சில ஆட்டங்களில் எடையே கிடையாது. ஆளுக்கு இத்தனை ‘இடம்’, ஒரு சாமானுக்கு ஓர் இடம், அவ்வளவுதான். வளவு ஆட்டத்துக்கு நான் இந்த இடக் கணக்கைத்தான் சொல்வேன்.

கயிறும் கேடயமும் தொல்லை தராதவை. ஒரு தரம் எழுதினால் போதும். தீர்ந்துபோகிற சாமான்தான் பாடாய்ப் படுத்தும்: தீப்பந்தம், விளக்கெண்ணெய், அம்பு, கட்டுச்சோறு.

இந்த இடத்தில் என் ஆயாவைச் சொல்ல வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து, சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று காசு பிசகாமல் எழுதிய ஊர் எங்கள் ஊர். ஆனால் எந்த வீட்டு அடுப்படியிலும் எண்ணெய்க்குச் சிட்டை எழுதிப் பார்த்ததில்லை. ஆயா மண்ணெண்ணெய் டின்னைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்குவார். “நிறையக் கெடக்கு”, “பாதி இருக்கும்”, “அடியில கொஞ்சம்” என்று மூன்றே பதில்கள்தான். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டால் சிரிப்பார். இன்றைக்கு கேஸ் சிலிண்டரைச் சாய்த்துப் பார்க்கும் நாமும் அதைத்தான் செய்கிறோம்.

2016இல் டேவிட் பிளாக் வெளியிட்ட ‘தி பிளாக் ஹேக்’ என்ற ஆட்டம் இந்தக் குலுக்கலைப் பகடைக்குக் கொண்டுவந்தது. தீப்பந்தக் கட்டுக்கு எண்ணிக்கை கிடையாது. ஒரு பகடை உண்டு. எட்டு முகப் பகடையில் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். பந்தத்தைப் பயன்படுத்தும்போதெல்லாம் அதை உருட்ட வேண்டும். 3 முதல் 8 வரை விழுந்தால் ஒன்றும் ஆகாது. 1 அல்லது 2 விழுந்தால் ஒரு படி இறங்கி, இனிமேல் ஆறு முகப் பகடை. அதிலும் 1, 2 விழுந்தால் நான்கு முகம். அதிலும் விழுந்தால் இருட்டு.

சரி, இந்தக் கட்டு எத்தனை முறைக்கு வரும்? கடைசிப் படியிலிருந்து பார்ப்போம். நான்கு முகத்தில் 1, 2 விழும் வாய்ப்பு பாதி. சராசரியாக x முறை தாங்கும் என்போம். ஒரு முறை கட்டாயம் உருட்டியாக வேண்டும். அதற்கு மேல், பாதி வாய்ப்பில் கதை முடிந்தது. மீதிப் பாதியில் ஆரம்பித்த இடத்திலேயே நிற்கிறோம், அதாவது இன்னொரு x. ஆகவே x = 1 + x/2. விடை 2. ஆறு முகத்துக்குத் தப்பிக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு, விடை 3. எட்டு முகத்துக்கு நான்கில் மூன்று, விடை 4. மூன்றையும் கூட்டினால் 9.

ஒன்பது தீப்பந்தம் என்று எழுதி வைத்தாலும் இதுவும் ஒன்றா என்றால், இல்லவே இல்லை. மூன்றே முறையில் தீர்ந்துபோக 24இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. ஒரே பகடை, ஒரே படி என்று வைத்திருந்தால், தீர்ந்துபோக மற்ற எந்த முறையையும்விட அதிக வாய்ப்பு முதல் முறைக்குத்தான். அது நியாயமாகப் படாது; புதுக் கட்டைப் பிரித்தவுடனே யார் வீட்டில் எண்ணெய் தீர்ந்திருக்கிறது? மூன்று படிகளைக் கோத்ததும் அந்தக் குறை மறைகிறது. முதல் இரண்டு முறை தீரவே தீராது. அப்புறம் வாய்ப்பு ஏறி, 6ஆம் முறையில் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி நீண்ட வாலாக ஓடுகிறது. அந்த வால்தான் சராசரியை 9 வரை இழுத்துக்கொண்டு போகிறது. எண்ணிக்கை தெரியாது, ஆனால் நிலைமை தெரியும். ஆயா டின்னைக் குலுக்கிச் சொன்னதும் அதுதானே?

இதே கணக்கு கதிரியக்கத்திலும் வருகிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,400 கோடி ஆண்டு. அதில் ஓர் அணு எத்தனை கோடி ஆண்டு தாக்குப்பிடித்திருந்தாலும், அடுத்த நொடி சிதையும் வாய்ப்பு கொஞ்சமும் கூடுவதில்லை. அணுவுக்கு வயதாவதில்லை. தோரியம் நேரே ஈயமாகிவிடுவதும் இல்லை. படிப்படியாக இறங்கித்தான் ஈயமாகிறது.

பகடைக்கும் ஞாபகம் கிடையாது. “நாலு தரம் தப்பிச்சாச்சு, இந்தத் தரம் அணைஞ்சிரும்” என்று வளவில் யாராவது சொன்னால், தம்பி, அங்கேயே நிறுத்தித் திருத்துங்கள். இந்த ஒரு நம்பிக்கை கெடுத்த குடும்பங்கள் கொஞ்சமல்ல. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்யும் வரை, “இந்த நம்பர் விழுந்து ரொம்ப நாளாச்சு” என்று கூலிப் பணத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ராசி எண் பார்த்து வண்டி வாங்குகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். பள்ளிக்கூடங்கள் பெரிய திரை வாங்கச் செலவழிப்பதில் ஒரு துளியை எடுத்து, வகுப்புக்கு ஒரு டப்பா பகடை வாங்கிக் கொடுத்தால் இந்தப் பாடம் ஒரே வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

எட்டு முகப் பகடை காரைக்குடியில் கிடைக்கவில்லையே என்றும் தம்பி வருத்தப்பட்டிருந்தார். வேண்டாம். தாயக்கட்டை போதும். ஒரு கட்டைக்கு நான்கு பக்கம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெற்று. அது நான்கு முகப் பகடையேதான். வீட்டில் இல்லாவிட்டால் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டு கட்டையும் சேர்ந்தால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் 2 விதம், அஞ்சு 2 விதம், ஆறு 1, இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டு 1. இதை வைத்து நான் போட்ட விதி: புதுக் கட்டுக்கு இரண்டு கட்டையை உருட்டுங்கள், தாயமோ அஞ்சோ விழுந்தால் ஒரு படி இறங்கும். 16இல் 4, எட்டு முகத்துக்கு அச்சாக அதே வாய்ப்பு. பாதிக் கட்டுக்குத் தாயம், அஞ்சு, ஆறு, பன்னிரண்டு எது விழுந்தாலும் இறங்கும். 16இல் 6, ஆறு முகத்தைவிடச் சற்றுக் கடுமை. அடிக் கட்டுக்கு ஒரே கட்டை. வெற்றோ ஒன்றோ விழுந்தால் இருட்டு. சராசரி 4, 2.67, 2, மொத்தம் 8.67. ஒன்பதுக்கு மிக அருகில். பையில் ஒரு கட்டுக்கு ஓர் இடம் கொடுங்கள். அந்த இடத்தில் பந்தம் வைப்பதா தங்கம் வைப்பதா என்று ஐந்து பேரும் சண்டை போடட்டும்.

ஆடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பித்தளைக் கட்டை கையால் உருட்டி உருட்டித் தேயும். தேய்ந்தது நேர்மையாக விழுமா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு கட்டையை 400 முறை உருட்டி எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கமும் 100 முறை வர வேண்டும். 83க்கும் 117க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. ஆயா வீட்டுக் கட்டையைப் பட்டாலையில் உட்கார்ந்து இரண்டு மாலை உருட்டினேன். வெற்றுப் பக்கம் 131 முறை விழுந்தது. ஆயாவுக்கு மட்டும் எப்படிப் பன்னிரண்டாய்ப் பன்னிரண்டாய் விழுந்தது என்று சின்ன வயதில் அழுதிருக்கிறேன். ஜோடிக் கட்டையை இந்த வாரம் உருட்டப் போகிறேன்.