நாம் அண்ணாந்து பார்க்கிறோம், நாய் குனிந்து முகர்கிறது

பங்குனி பிறந்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் வேம்பும் புங்கையும் போட்டி போட்டுக்கொண்டு பூக்கின்றன. சித்திரையில் சரக்கொன்றையும் சேர்ந்துகொள்ளும். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு ஊருணிக் கரைக்குப் போய்ப் பூப் பார்த்துவிட்டு வருகிறவர்களைக் கண்டால், கால்நடை மருத்துவனான எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நம் கண் கிளையில் இருக்கும்போது நாயின் மூக்கு தரையில் இருக்கிறது.

போன பங்குனியில் ஒரு பக் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேலுதடு வெள்ளைப் பணியாரம் போல் உப்பியிருந்தது. உதிர்ந்து கிடந்த புங்கம்பூவுக்குள் மூக்கை நுழைத்திருக்கிறது, உள்ளே தேனீ. கொடுக்கு உதட்டிலேயே நின்றது. அதை நகத்தாலோ அட்டையின் விளிம்பாலோ உடனே வழித்து எடுத்திருக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க நஞ்சு இறங்கிக்கொண்டே இருக்கும். பிறகு துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றலாம். நமக்கு வாங்கி வைத்திருக்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எதையும் புகட்டாதீர்கள். மூச்சுத் திணறினாலோ, ஈறு வெளுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ அடுத்த நிமிடமே மருத்துவரிடம் கிளம்புங்கள்.

என்னை அதிகம் அஞ்ச வைப்பது அரளி. கோயில் நந்தவனம், நெடுஞ்சாலை நடுத்திட்டு, வீட்டு வேலி என்று எங்கும் இருக்கிறது. இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் வீரியம் போவதில்லை. மஞ்சள் அரளியின் விதையும் அப்படித்தான். இரண்டும் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும். முற்றத்து உருளியில் அழகுக்காக அரளிப் பூவை மிதக்கவிடும் வழக்கம் இங்கே உண்டு. அந்தத் தண்ணீரை நாய் நக்கினாலும் ஆபத்துதான். எச்சில் வடிகிறது, வாந்தி எடுக்கிறது, சோர்ந்து படுக்கிறது என்றால் உப்புக் கரைசலைப் புகட்டி வாந்தியெடுக்க வைக்காதீர்கள். உப்பே தனி நஞ்சாகிவிடும். கடித்த கிளையை ஒரு பையில் போட்டு நாயோடு கொண்டுவாருங்கள். எனக்குப் பாதி வேலை மிச்சம்.

வெயிலைப் பற்றி நீட்டவில்லை. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் தாங்காது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கு எட்டு மணி வெயிலே அதிகம். திரும்பியதும் காது மடல், விரலிடுக்கு, வாலடியில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

எனக்குத் தெரிந்த ஆச்சி ஒருவர் தினமும் வேப்பமரத்தடியில் பழைய சேலையை விரித்துப் பூச் சேர்க்கிறார். அவருடைய நாட்டு நாய் விரித்த சேலையில்தான் படுக்கும். “டாக்டர் தம்பி, இந்த ரசத்துக்கு இவன் முடியையும் சேர்த்துத்தான் சலிக்க வேண்டியிருக்கிறது” என்று அலுத்துக்கொள்கிறார். விரட்டி நான் பார்த்ததில்லை.