சுண்டிய காசு எவ்வளவு தூரம் போகும்?

ஒரு கோட்டின் நடுவில் நின்று காசைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் வலப்பக்கம் ஓரடி, தலை விழுந்தால் இடப்பக்கம் ஓரடி. நூறு முறை சுண்டி முடித்ததும் எங்கே நிற்பீர்கள்? கிளம்பிய இடத்தில் என்று சொல்லத் தோன்றும். சராசரிக் கணக்கும் அதையே சொல்கிறது. ஆனால் சரியாக அதே இடத்தில் நிற்கும் வாய்ப்பு 8 சதவீதம்தான். இரு பக்கமும் ஒன்றையொன்று அடித்துப்போவதால், சராசரி இடம் இங்கே எதையும் சொல்வதில்லை. கேட்க வேண்டியது, எவ்வளவு தூரம் விலகியிருப்போம் என்பதை.

இரண்டே அடிகளில் பார்த்துவிடலாம். நான்கு விதமாக முடியலாம்: +2, 0, 0, -2. வர்க்கப்படுத்தினால் 4, 0, 0, 4, சராசரி 2. மூன்றாவது அடி வைத்தால் அது 3 ஆகும், நான்காவதில் 4. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் தொடர்பே இல்லாததால், வர்க்கப்படுத்தும்போது வரும் குறுக்கு உறுப்புகள் (ஓர் அடியை இன்னோர் அடியால் பெருக்கியவை) சராசரியில் அடிபட்டுப்போகின்றன. ஒவ்வோர் அடியும் தூரத்தின் வர்க்கத்தோடு 1-ஐ மட்டும் கூட்டுகிறது. ஆகவே விலகும் தூரம், அடிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலம். 100 அடிக்கு 10, பத்தாயிரம் அடிக்கு 100. இரு மடங்கு தூரம் வேண்டுமென்றால் நான்கு மடங்கு நேரம் தர வேண்டும். 1905-இல் கார்ல் பியர்சன் இதற்கு வைத்த பெயர்தான் 'சீரற்ற நடை'.

இதில் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. அடிகள் ஒன்றையொன்று சாராதவை. காசு எந்தப் பக்கமும் சாயாதது. எந்த அடியும் மற்றவற்றை விழுங்கும் அளவுக்குப் பெரிதல்ல. இயற்பியல், பொருளியல், உளவியல் மூன்றும் இந்த நடையைக் கடன் வாங்கியிருக்கின்றன. எந்த நிபந்தனை எங்கே உடைகிறது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை 1827-இல் ராபர்ட் பிரௌன் நுண்ணோக்கியில் பார்த்தார். உயிருள்ளவையோ என்ற ஐயத்தில் கல்லைப் பொடித்துப் போட்டும் பார்த்தார், அதுவும் துடித்தது. பின்னால் வந்தவர்கள் துகளின் வேகத்தை அளக்க முயன்று குழம்பினார்கள். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள், வெப்பக் கொள்கைப்படி விநாடிக்குச் சுமார் 5 மில்லிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். கண்ணில் பட்டதோ விநாடிக்குச் சில மைக்ரான். கொள்கையில் பிழை இல்லை, அளவையில்தான் பிழை. மூலக்கூறுகள் மோதிமோதித் துகளின் திசை நொடிக்குள் எண்ணற்ற முறை மாறுகிறது. தூரம் நேரத்தின் வர்க்கமூலமாக வளர்வதால், தூரத்தை நேரத்தால் வகுத்து வரும் 'வேகம்', எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

1905-இல் ஐன்ஸ்டைன் வேகத்தை விட்டுவிட்டு விலகலின் வர்க்கத்தைக் கணக்கிட்டார். 17 டிகிரி செல்சியஸ் நீரில், ஒரு மைக்ரான் விட்டமுள்ள துகள் ஒரு திசையில் விநாடிக்கு 0.8 மைக்ரான், நிமிடத்துக்குச் சுமார் 6 மைக்ரான் விலக வேண்டும். கவனியுங்கள்: நேரம் 60 மடங்கு, தூரம் எட்டு மடங்குக்கும் கீழே. ஜான் பெரன் பொறுமையாக அளந்து இதை உறுதிசெய்தார். அணுக்கள் மெய்யாகவே உண்டா என்ற பழைய வழக்கு ஏறத்தாழ அத்தோடு முடிந்தது. 1926-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதே கணக்கில், அசையாத நீரில் ஒரு சர்க்கரை மூலக்கூறு 10 மைக்ரான் நகர ஏறத்தாழ 0.1 விநாடி போதும். ஒரு மில்லிமீட்டருக்குக் கால் மணி நேரத்துக்கு மேல். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு நாளும் போதாது. உயிரணுக்கள் சிறியனவாக இருப்பதற்கும், பெரிய உடலுக்கு இதயம் தேவைப்படுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

பொருளியல் இங்கே இயற்பியலை முந்திக்கொண்டது. 1900-இல் லூயி பாஷ்லியே பாரிஸில் அளித்த முனைவர் ஆய்வேட்டில், பங்குச் சந்தை விலைக்கு இந்த நடையையே பொருத்தியிருந்தார். ஐன்ஸ்டைனுக்கு ஐந்து ஆண்டு முன்னால். நெறியாளர் ஆன்றி புவான்கரே. அதில் ஓர் ஓட்டை: அடிகளைக் கூட்டிக்கொண்டே போனால் விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். அதனால் பிற்காலத்தில் விலைக்குப் பதில் விலையின் மடக்கையை நடக்கவிட்டார்கள்; அடி என்பது ரூபாய் அல்ல, சதவீதம்.

நடைமுறையில் அதிகம் தவறுவது கால மாற்றத்தில். நாள் ஒன்றுக்கு ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் (சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு) 1 சதவீதம் என்றால், 252 வணிக நாள் கொண்ட ஆண்டுக்கு அது 252 சதவீதம் ஆகாது; 252-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 16 சதவீதம். அதுவும் மூன்றாவது நிபந்தனை உடையாத வரைதான். 1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் வீழ்ந்தது. 1 சதவீத விலக்கத்தை வைத்து மணிவடிவ வளைகோட்டில் (சிறு விலகல்கள் அடிக்கடியும் பெரியவை மிக அரிதாகவும் வரும் என்பது அதன் கணக்கு) பார்த்தால், பிரபஞ்சத்தின் வயதுக்குள் ஒருமுறைகூட நடக்கக் கூடாத வீழ்ச்சி அது. சந்தையின் பெரிய அடிகள் அந்த வளைகோடு அனுமதிப்பதைவிட மிக அதிகம். ஒரு பெரிய அடியை ஒட்டி இன்னொன்று வரும் பழக்கமும் உண்டு.

ஆய்வாளர்களையே வழுக்கிவிழ வைக்கும் இடம் இன்னொன்று. தொடர்பே இல்லாத இரண்டு சீரற்ற நடைகளை ஒரே தாளில் வரையுங்கள். பல வேளைகளில் கைகோத்து நடப்பதுபோலவே இருக்கும். அதற்குக் காரணம், நடை பூஜ்யத்தின் இருபுறமும் நேரத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. நீண்ட நடைகளில் நூற்றுக்குச் சுமார் 41, தம் நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் ஒரே பக்கத்தில் கழிப்பவை. இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரை, ஆங்கிலத் திருச்சபையில் நடந்த திருமணங்களின் பங்குக்கும் இறப்பு விகிதத்துக்கும் ஒட்டுறவு 0.95 (1 என்றால் முழுப் பொருத்தம்) என்று 1926-இல் எடுத்துக்காட்டினார் புள்ளியியலாளர் உட்னி யூல். நல்ல நையாண்டி அது, கூடவே கடுமையான எச்சரிக்கை. 1974-இல் கிரேஞ்சரும் நியூபோல்டும் கணினியில் சோதித்தபோது, 50 புள்ளி கொண்ட சார்பற்ற நடைகளின் ஜோடிகளில் சுமார் முக்கால்வாசி, 'தொடர்பு உண்டு' என்று புள்ளியியல் தேர்வில் தேறின. தேறியிருக்க வேண்டியவை 5 சதவீதம். பரிகாரம் எளிது: தொடர்களை அப்படியே ஒப்பிடாமல், ஒவ்வொன்றிலும் அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை எடுத்து அவற்றை ஒப்பிட வேண்டும்.

உளவியல் வேண்டுமென்றே இரண்டாவது நிபந்தனையை உடைத்தது. திரையில் புள்ளிகள் இடமா வலமா நகர்கின்றன என்று ஒருவர் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். மூளை சான்றுகளைச் சிறிதுசிறிதாகச் சேர்க்கிறது. சேர்மானம் ஒரு எல்லையைத் தொட்டதும் முடிவு. இது 1978-இல் ரோஜர் ராட்கிளிஃப் முன்வைத்த மாதிரி. காசுதான், ஆனால் சற்றே சாய்ந்த காசு: சரியான பக்கம் விழ 55 சதவீத வாய்ப்பு. எல்லை இருபுறமும் 10 அடியில் இருந்தால், சராசரியாக 76 சுண்டலில் முடிவு வரும், 12 சதவீதம் தவறாக. எல்லையை 20-க்குத் தள்ளினால் தவறு 1.8 சதவீதமாகக் குறையும். ஆனால் 193 சுண்டல் ஆகும். அவசரமா துல்லியமா என்ற இழுபறி எல்லை என்ற ஒரே ஓர் எண்ணில் அடங்கிவிடுகிறது. விடை தர எடுக்கும் நேரங்களை வரைந்தால் வலப்பக்கம் வால் நீளும் வடிவமும் தானாகவே வருகிறது. சில நடைகள் எல்லையைத் தொடாமல் நெடுநேரம் அலைகின்றன அல்லவா.

மாதிரியைத் தரவோடு பொருத்தும்போது இரண்டு இடங்களில் கை நழுவும். கண் பார்ப்பதற்கும் விரல் அழுத்துவதற்கும் ஆகும் நேரத்தைத் தனி எண்ணாக ஒதுக்க வேண்டும். ஒதுக்காவிட்டால் அது எல்லையின் கணக்கில் ஏறி, பங்கேற்றவர் உண்மையில் இருப்பதைவிட நிதானமானவராகத் தெரிவார். அடுத்தது, திரையைப் பார்க்காமலே அழுத்தப்பட்ட விடைகள். அவை மிகக் குறுகிய நேரத்தில் வரும், பாதிக்குப் பாதி தவறாகவும் இருக்கும். அவற்றைச் சலித்து எடுக்காமல் பொருத்தினால், அந்த ஒருசிலவே எண்கள் அனைத்தையும் தம் பக்கம் இழுத்துவிடும்.