பிரேக்குக்கு வேண்டியது காற்றெடுப்பு, 'கசிவித்தல்' அல்ல

பழைய வண்டிகளுக்கான பராமரிப்புக் குறிப்புகளில் 'பிரேக் ப்ளீடிங்' என்பதற்கு 'பிரேக் இரத்தப்போக்கு' என்ற தொடர் இன்னும் ஒழியவில்லை. ஆங்கில 'ப்ளீட்' இரத்தத்தோடு உறவுள்ள சொல்தான். ஆனால் குழாயில் அடைபட்டதை வெளியே விடுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. பிரேக்கில் அப்படி வெளியேற்றுவது காற்றை. ஒர்க்‌ஷாப்பில் 'ஏர் எடுக்கணும்' என்பார்கள். அதில் எந்தக் குழப்பமும் இல்லை.

'இரத்தப்போக்கு' தவறு என்பது படித்ததுமே தெரிந்துவிடும். அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் 'கசிவித்தல்' என்ற ஆக்கம்தான் ஆபத்தானது, ஏனென்றால் பிரேக்கில் கசிவு என்பது ஒரு கோளாறின் பெயர். மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அமுங்கி, இரண்டு மூன்று முறை அடித்ததும் இறுகினால் குழாயில் காற்று இருக்கலாம். (பின்சக்கர டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் ஷூ தளர்ந்திருந்தாலும் அடிக்க அடிக்கப் பெடல் மேலே வரும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும்.) அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல இறங்கினால் அது கசிவு. வெளியே எங்கும் ஈரம் இல்லையென்றால், பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதித்ததும் ஆயிலைக் குழாய்க்குள் தள்ளும் உருளை) இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. அதற்கு எத்தனை முறை காற்றெடுத்தாலும் பயனில்லை. கோளாறுக்கும் வேலைக்கும் ஒரே வேர்ச்சொல்லைக் கொடுத்துவிட்டால், கசிவை அடைக்க வேண்டியவர், காற்றை வெளியே விடும் திருகான நிப்பிளைத் திறந்துகொண்டிருப்பார். தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வேலையைப் பார்க்காமல் அகராதியை மட்டும் பார்த்துச் சொல் கட்டக் கூடாது.

'வடித்தல்' என்பதும் பொருந்தாது. வடித்தால் பிரேக் ஆயில் தீர்ந்துவிடும். காற்றெடுக்கும்போதோ ஆயில் டப்பா காலியாகவே கூடாது, காலியானால் அந்த வழியாகவே புதுக் காற்று புகும். நிப்பிளில் மாட்டிய ட்யூபின் மறுமுனை ஆயிலில் மூழ்கியிருக்க, ஒருவர் பெடலை அழுத்துவார். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறந்து, பெடல் மேலே எழுமுன் மூடுவார். குமிழி நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். பழைய வண்டியில் பெடலைத் தரைவரை விடக் கூடாது. வாஷர் வழக்கமாகப் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கலாம். வாஷரின் விளிம்பு அதில் கிழியக்கூடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் போதும்.

காற்றே இல்லாதபோதும் ஈரமேறிய பழைய ஆயிலை வெளியேற்ற இதே முறையில்தான் செய்கிறோமே என்று கேட்கலாம். அதை 'ஆயில் மாற்றுதல்' என்றே எழுதலாம். காற்றை எடுக்கும் வேலைக்குக் 'காற்றெடுப்பு', அந்த நிப்பிளுக்குக் 'காற்றுத்திருகு'.