ஒத்தச் சில்லு சைக்கிள்ல ஒரே இடத்துல நிக்கிறது எப்படி

ஒத்தச் சில்லு சைக்கிள்ல, அதாவது ஒரே சக்கரம் உள்ள சைக்கிள்ல, நேரா ஓட்டப் பழகின பிறகுதான் உண்மையான கூத்தே ஆரம்பிக்குது. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் (வரிசை வீடுகளுக்குக்) கீழ ஸ்டோருக்குப் போற ரோட்டுல ஒரு 50 அடிதான் மட்டமா இருக்கும், அதுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிருவேன், ஆனா கொழுந்து லொறி வந்தா ஒதுங்கி நிக்கத் தெரியாது, குதிச்சு இறங்கணும். இறங்காம அதே இடத்துல முன்னபின்ன ஆடிக்கிட்டே நிக்கிறதுக்குப் பேர்தான் ஐட்லிங்.

ஏன் ஆடணும்? அம்மாயி கொழுந்து எடுக்கிறப்ப செடி மேல போட்டு மட்டம் பாக்கிற மட்டக்கம்பு இருக்குல்ல, அத உள்ளங்கையில நட்டமா நிறுத்திப் பாருங்க. கம்பு எந்தப் பக்கம் சாயுதோ கை அந்தப் பக்கம் ஓடி அடியப் புடிக்கணும். இங்க கம்பு நம்ம உடம்பு, கை அந்தச் சில்லு. அதே வேலைய பென்சில வச்சுச் செஞ்சா முடியாது, ஏன்னா நீளம் 4 மடங்கானா விழுற நேரம் 2 மடங்காகும், பென்சில் நமக்கு நேரமே குடுக்காது. அதனாலதான் ஆளுயர ஜிராஃப் சைக்கிள் (சீட்டு ரொம்ப உயரத்துல இருக்கிற ஒத்தச் சில்லு சைக்கிள்) பாக்கப் பயமா இருந்தாலும் மெதுவாத்தான் சாயும் (விழுந்தா வலிக்கிறது வேற கதை).

சாதாரண சைக்கிள் மாதிரி பெடல் சும்மா சுத்தாது, பெடல் எந்தப் பக்கம் போனாலும் சில்லும் கூடவே போகும். இதுலதான் ஐட்லிங்கோட சூட்சுமமே இருக்கு. ஒரு கால் கீழ, ஒரு கால் மேல வச்சு, உடம்புப் பாரம் பூரா கீழ்க்கால்ல. சில்லு முன்னால உருண்டா கீழ்ப்பெடல் பின்னால ஏறும், அப்ப அத அமுக்கினா சில்லு திரும்பி வரும். சில்லு பின்னால போனா பெடல் முன்னால ஏறும், அமுக்கினா மறுபடி திரும்பும். ஊஞ்சல் மாதிரிதான், கீழ்க்கால் பாரமே சில்லை நடுவுக்கு இழுத்துட்டு வந்துரும். மேல்கால் சும்மா கூடப் போகணும், அவ்வளவுதான். நான் ரெண்டு வாரம் ரெண்டு காலையும் அமுக்கிட்டு இருந்தேன், ஒரு கால் திருப்பப் பாக்குது இன்னொரு கால் தடுக்குது, பெறகு எப்படி ஆடும்.

பக்கவாட்டுல சாஞ்சா இடுப்பத் திருப்பி சில்லோட மூக்க அந்தப் பக்கம் விடணும். குதிக்கிற ஹொப்பிங்ல அதுகூட வேணாம், ரெண்டு பெடலும் கிடையா, பாரம் சமமா, ஒரு கை சீட்ட இழுத்துப் புடிச்சு, சாயுற பக்கமே குதிச்சுச் சில்லை அடியில போட்டுரலாம். டயர்ல காத்து கொஞ்சம் கம்மியா இருந்தா நல்லது.

மலைநாட்டுக்காரனுக்குப் பெரிய சோதனை இறக்கம்தான். 10க்கு 1 சரிவுல, ஆளும் சைக்கிளும் சேர்த்து 66 கிலோன்னா, சுமார் ஆறரை கிலோ பாரம் கீழ இழுக்குது. 20 இஞ்சி சில்லோட ஆரம் கிட்டத்தட்ட 25 செண்டிமீட்டர், கிராங்க் (பெடல் மாட்டுற தண்டு) பன்னிரண்டரை, அதாவது பாதி, அதனால வேகம் கூடாம இறங்க பெடல்ல 13 கிலோ அளவுக்கு எதிர்த்து அமுக்கணும். அதுவும் பெடல் கிடையா இருக்கிறப்ப கணக்கு, நட்டமா நிக்கிற இடத்துல எவ்வளவு அமுக்கினாலும் ஒண்ணும் நடக்காது, அந்தக் குறையையும் சேர்த்து மத்த இடத்துல அமுக்கணும். முட்டி எரியும். 15 செண்டிமீட்டர் கிராங்க் மாட்டின பிறகு அதே இடத்துல 11 கிலோ போதுமாச்சு.

போன மாசம் மழை விட்ட சாயங்காலம் லொறி வந்துச்சு, குதிக்காம ஓரமா நின்னேன். ஒம்பது ஆட்டம் ஆடினேன், டிரைவர் அண்ணன் ஹோர்ன் அடிச்சுச் சிரிச்சார், நான் மேல்கால அமுக்கிட்டேன், நேரா ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள.