ஆவிச் சட்டியும் அளவு மூடியும்: ஊரடங்குக் கோடையில் சிறு குழந்தைகள்

2021-ல், கொரோனாவுக்கான தளர்வில்லா ஊரடங்கு தொடங்கிய மே மாதக் கடைசி வாரத்தில், ஒரு காலை நேரம், சேலத்தின் குகை என்னும் பகுதியிலிருந்து ஒருவர் இருசக்கர வாகனத்தில் வந்து இறங்கினார். பின்னால் அமர்ந்திருந்த அவருடைய தாயாரின் மடியில், ஈர வேட்டியில் சுற்றிய மூன்று வயதுப் பையன். வேட்டியை விலக்கிப் பார்த்தபோது, நெஞ்சிலிருந்து தொடை வரை தோல் கொப்பளித்து, அதன் மேல் பற்பசை வெள்ளையாக அப்பியிருந்தது. வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, பையனுக்குச் சளிகூட இல்லை. "முன்கூட்டியே ஆவி புடிச்சிட்டா நுரையீரலுக்குப் போகாதுன்னு சொன்னாங்க சாமி" என்றார் அந்த ஆயா. நொச்சித் தழை போட்டுக் கொதிக்க வைத்த சட்டியைத் தரையில் வைத்து, பேரனை மடியில் இருத்தி, இருவருக்கும் சேர்த்துப் போர்வையைப் போர்த்தியிருக்கிறார். இருட்டும் புழுக்கமும் தாளாமல் பையன் காலை உதறியதில் சட்டி சாய்ந்திருக்கிறது.

குழந்தை மருத்துவனாக இந்த ஊரில் பல கோடைகளைப் பார்த்தவன் நான். வேனல் கட்டி, வயிற்றுப்போக்கு, மாம்பழம் தின்றதால் சூடு பிடித்துவிட்டது என்ற புகார் (மல்கோவா மீது சேலத்துத் தாய்மார்கள் சுமத்தும் பழிக்கு அளவே கிடையாது) ஆகியவைதாம் வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் என் மேசைக்கு வருபவை. 2020-லும் 2021-லும் வந்தவை வேறு. கொரோனா தொற்றிய குழந்தைகள் வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள் காய்ச்சலோடு தீர்ந்துபோனது. என்னைத் தூங்கவிடாமல் செய்தவர்கள், கிருமிக்குப் பயந்து பெரியவர்கள் செய்த காரியங்களால் அடிபட்டு வந்த குழந்தைகள்தாம். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆவி. மூக்கிலும் தொண்டையிலும் உள்ள செல்களுக்குள் புகுந்து பெருகும் வைரஸை, நாம் தாங்கக்கூடிய சூட்டில் உள்ள ஆவி கொல்லாது. பெரியவர்களுக்கு மூக்கடைப்பில் சற்று இதமாக இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த இதத்தைவிட ஆபத்து பல மடங்கு பெரிது. 60 டிகிரி சூடுள்ள நீர், மெல்லிய குழந்தைத் தோலை ஓரிரு நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும். ஆவிச் சட்டியில் இருப்பதோ அதைவிடச் சூடான நீர். பிரஷர் குக்கரின் விசிலைக் கழற்றிவிட்டு அதில் ரப்பர் குழாயைச் செருகி ஆவி பிடிக்கும் முறையும் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்தது. அதைச் செய்துகாட்டியவர் வீட்டில் தவழும் குழந்தை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். குழந்தைக்கு மூக்கடைத்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து, ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு சொட்டு, போதும்.

சுட்டுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே. துணியை உடனே கழற்றிவிட்டு, சுட்ட இடத்தின் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீர் 20 நிமிடம் ஓட வேண்டும். குழாயில் தண்ணீர் வராத நாளாக இருந்தால் குடத்திலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, காபித்தூள், ஐஸ் எதுவும் வேண்டாம். அந்தப் பையனின் புண்ணிலிருந்து பற்பசையைக் கழுவி எடுக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது. அவன் கத்திய கத்தலில் ஆயா வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்து நான் சொல்லப்போவதில் என் பிழையும் கலந்திருக்கிறது. பேருந்து ஓடாத நாட்களில் நோயாளிகளில் பாதிப்பேருக்குத் தொலைபேசியிலேயே மருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய் அழைத்து, ஒன்றரை வயதுக் குழந்தைக்கு, 10 கிலோ எடை, காய்ச்சல் என்றார். "பாராசிட்டமால் டானிக் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை அஞ்சு மில்லி குடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். தெருமுனை மருந்துக் கடையில் டானிக் தீர்ந்துபோயிருந்ததால் சொட்டு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் நான் சொன்னபடியே, வீட்டில் கிடந்த பழைய டானிக் மூடியால் அளந்து ஐந்து மில்லி ஊற்றியிருக்கிறார். ஐந்து மில்லி டானிக்கில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் மருந்து இருக்கும். சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்குச் சுமார் 150 மில்லிகிராம் போதும் என்னும்போது, அந்தக் குழந்தைக்கு 500 மில்லிகிராம் போயிருக்கிறது, அதுவும் இரண்டு வேளை. மூன்றாவது வேளைக்கு முன்பு, மருந்து சீக்கிரம் காலியாகிறதே என்று சந்தேகப்பட்டு அவர் மறுபடி அழைத்ததால் தப்பித்தோம். கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்தோம், பாதிப்பு இல்லை. பாராசிட்டமால் நல்ல மருந்து. அளவு மீறித் தொடர்ந்தால் கல்லீரலைக் கெடுத்துவிடும்.

"எந்த பாட்டில் வைத்திருக்கிறீர்கள், லேபிளில் என்ன எழுதியிருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்" என்று கேட்காமல் இப்போது நான் அளவு சொல்வதில்லை. உங்கள் மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்: குழந்தையின் எடை, பாட்டில் சொட்டு மருந்தா டானிக்கா, ஐந்து மில்லியில் 120 மில்லிகிராமா 250 மில்லிகிராமா. இரண்டு வகை டானிக்கும் கடையில் உண்டு, அட்டைப்பெட்டியும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பாட்டிலின் மூடியாலோ பில்லராலோ (சொட்டுக் குழாய்) இன்னொன்றை அளக்காதீர்கள். பெரியவர்களுக்கு எழுதிய கொரோனாச் சீட்டைக் காட்டி, அதிலிருந்த ஸ்டீராய்டு மாத்திரையை நான்காக உடைத்து "கொஞ்சமா" குழந்தைக்கும் கொடுத்த குடும்பங்களையும் பார்த்தேன். லேசான தொற்றுள்ள குழந்தைக்கு ஸ்டீராய்டு நன்மை செய்யாது, கெடுதல் செய்யும்.

விழுங்கியவற்றின் கதை தனி. சானிடைசரை ஐந்து லிட்டர் கேனில் வாங்கி, கைக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று பழச்சாறு பாட்டிலில் ஊற்றி வைக்கிறோம். நிறம் நீலம், மணம் எலுமிச்சை. இரண்டு வயதுக் குழந்தை அதைக் குடிக்காமல் என்ன செய்யும்? அதில் முக்கால் பங்கு ஆல்கஹால். சிறு குழந்தையின் உடலில் அது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும். குழந்தை தூங்குவது போலக் கிடக்கும். செவ்வாய்ப்பேட்டை, பள்ளப்பட்டிப் பக்கம் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. கொலுசுப் பட்டறைகள் மூடியதால் கைவேலையை வீட்டுக்கே கொண்டுவந்தவர்கள், வெள்ளி கழுவும் ஆசிட்டையும் தண்ணீர் பாட்டிலில் கொண்டுவந்து அடுப்பங்கரை மூலையில் வைத்திருந்தார்கள். சானிடைசரோ, ஆசிட்டோ, மண்ணெண்ணெயோ, எதைக் குடித்திருந்தாலும் உப்புக் கரைசல் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இறங்கும்போது ஒருமுறை சுட்டது ஏறும்போது மறுபடி சுடும். மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். குழந்தையையும் அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்கு வாருங்கள்.

தண்ணீர் டிரம்களையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். சில நாட்களுக்கு ஒருமுறை குடிநீர் வரும் தெருக்களில் டிரம், அண்டா, வாளி எல்லாம் நிரம்பியே இருக்கும். நடக்கப் பழகும் குழந்தை தலைகுப்புற விழுந்தால் மூழ்குவதற்கு அரை வாளி நீர் போதும், சத்தமும் கேட்காது. மூடி போடுங்கள், மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள்.

மூன்றாவது அலை குழந்தைகளைத்தான் தாக்கும் என்ற செய்தி பரவியதிலிருந்து என் தொலைபேசி ஓயவில்லை. அப்படி நம்புவதற்குச் சான்று இல்லை என்று இந்தியக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி. மே மாதமே சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு தாய், எட்டு மாதக் குழந்தைக்குத் துணி முகக்கவசம் தைத்து மாட்டிக்கொண்டு வந்தார், பின்னல் பூ வேலைப்பாடு வேறு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முகக்கவசம் வேண்டியதில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 2021 ஜூனில் மத்திய சுகாதாரத் துறையும் அதையே சொன்னது. மூச்சு முட்டினால் அதைக் கழற்றவோ சொல்லவோ தெரியாத வயது அது. முகக்கவசம் அணிய வேண்டியவர்கள் குழந்தையைத் தூக்கும் பெரியவர்கள். தொற்று உறுதியான தாய் முகக்கவசம் அணிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பாலை நிறுத்திவிட்டு மாவுப்பாலுக்கு மாற்றியவர்களை மறுபடி தாய்ப்பாலுக்குக் கொண்டுவர நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த நாட்களில் வீட்டுக்கு வீடு ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) வாங்கினீர்கள். பெரியவர் விரலுக்குச் செய்த கருவி ஒரு வயதுக் குழந்தையின் விரலில் சரியாகப் பொருந்தாது. 85 என்று காட்டிக் குடும்பத்தையே நடுராத்திரியில் அலற வைக்கும். அதைவிட நம்பகமான சோதனை உங்கள் கண்ணிலும் கடிகாரத்திலும் இருக்கிறது. குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ம், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50-ம், ஐந்து வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால், அல்லது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், காத்திருக்க வேண்டாம். வீட்டில் யாருக்காவது கொரோனா வந்து போய் இரண்டு முதல் ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்கு விடாத காய்ச்சல், கண் சிவப்பு, உடம்பில் தடிப்பு, வயிற்று வலி வந்தாலும் உடனே காட்டுங்கள். அரிதாக வருவதுதான்; சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கட்டுப்படுகிறது.

பயத்தால் தவறிப்போனவற்றில் பெரியது தடுப்பூசி. ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த குழந்தைக்கு வயது ஒன்றே கால். ஒன்பதாம் மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடவில்லை. பேருந்து நின்றுவிட்டது, கீழே இறங்கினால் நோய் தொற்றிக்கொள்ளும் என்று ஊரில் பேச்சு, பிறகு மறந்தேபோனது. கோடை விழா இல்லாததால் இரண்டு ஆண்டுகளாக மே மாத வியாபாரமும் கிடையாது, வாடகை வண்டிக்குக் கையில் காசும் இல்லை. "இனிமே முதல்ல இருந்து எல்லாத்தையும் போடணுங்களா?" என்று அந்தத் தந்தை தயங்கித் தயங்கிக் கேட்டார். வேண்டியதில்லை. போட்டவை கணக்கில் இருக்கும். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உங்கள் கிராம சுகாதார செவிலியரிடமோ அட்டையைக் காட்டிக் கேளுங்கள். தட்டம்மை, கொரோனாவைவிட வேகமாகப் பரவும். சிறு குழந்தைகளிடம் அதைவிடக் கடுமையாகவும் நடந்துகொள்ளும்.

செல்போனைப் பற்றி நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இரண்டு வயது வரை வேண்டாம், அதற்குமேல் ஐந்து வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது மருத்துவ அறிவுரை. ஆனால் ஒரே அறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, தறிச் சத்தத்துக்கு நடுவே மூன்று குழந்தைகளை வைத்துக்கொண்டு பாவு (தறிக்கான நீள நூல்) ஓட்டும் பெண்ணிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: சோறு ஊட்டும்போது செல்லைக் கொடுக்காதீர்கள். அந்த நேரத்தில்தான் குழந்தை உங்கள் முகத்தையும் வாயையும் பார்த்துப் பேசப் பழகுகிறது. வெயில் தாழ்ந்த பிறகு மொட்டை மாடியில் ஒரு தட்டில் மணலும் ஒரு டம்ளரும் கொடுத்துப் பாருங்கள்; நான் எழுதிக்கொடுத்ததிலேயே நல்ல மருந்து அதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு தாய்.

கடைசியாக, எழுதக் கை தயங்கும் ஒன்று. 2021-ன் இரண்டாவது அலையில் பல குழந்தைகள் தாத்தாவை, ஆயாவை, சிலர் பெற்றோரையே இழந்திருக்கிறார்கள். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாய் உதவியும் தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. குழந்தைகளுக்கான 1098 எண்ணில் எந்நேரமும் உதவி கேட்கலாம். வீட்டுக்குள் நடப்பது வேறொரு சிக்கல். சாவைக் குழந்தையிடம் சொல்லக் கூடாது என்று நினைத்து, "ஊருக்குப் போயிருக்காரு", "தூங்குறாரு" என்கிறோம். தூங்கியவர் திரும்பி வராததைப் பார்த்த குழந்தை, இரவில் தூங்கப் பயப்படுகிறது. சின்ன வார்த்தைகளில் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது: தாத்தாவுக்கு நோய் அதிகமாகிவிட்டது, அவர் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை.

சென்ற வாரம் சூரமங்கலத்திலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தள்ளிப்போன ஊசிக்காக வந்தாள். வாசற்படியைத் தாண்ட மறுத்துவிட்டாள். "தாத்தா ஆஸ்பத்திரில இருக்காரு" என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நான் வெளியே போய்ப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தாவுக்கும் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்ததே இல்லை, வேறு டாக்டர்கள் போட்டிருப்பார்கள் என்றேன். வலித்திருக்குமா என்றாள். கொஞ்சம் வலித்திருக்கும் என்றேன். அன்று ஊசி போடவில்லை. வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு, அடுத்த வியாழக்கிழமை ஆயாவோடு அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.