பாதரசம் பதிவு செய்த நடுக்கம்

இத்தாலியின் வெசுவியஸ் எரிமலைச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து 608 மீட்டர் உயரத்தில், சிவப்புச் சுவர்களுடன் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. தென் இத்தாலியில் இருந்த 'இரு சிசிலிகள்' நாட்டின் அரசரான இரண்டாம் ஃபெர்டினாண்ட் 1841-இல் நிறுவிய உலகின் முதல் எரிமலை ஆய்வகம் இதுதான். இன்று இது அருங்காட்சியகம். பாறைத் துண்டுகளும் பழைய படங்களும் இங்கு நிறையவே இருந்தாலும், நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது, இயற்பியலாளர் லூயிஜி பால்மியேரி 1856-இல் உருவாக்கிய மின்காந்த நிலநடுக்கக் கருவி.

அதில் பாதரசம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் வெவ்வேறு திசைகளை நோக்கி நிறுத்தப்பட்டிருக்கும். அவற்றின் வடிவத்தைச் சொல்ல நம் 'ப' எழுத்தே போதும். நிலம் பக்கவாட்டில் அசைந்தால் குழாய் உடனே நகர்ந்துவிடும். ஆனால் கனமான பாதரசம் தன் நிலைமத்தால் பின்தங்குவதால், குழாயின் ஒரு பக்கத்தில் ஏறி மறு பக்கத்தில் இறங்கும். ஏறிய பாதரசம் மேலே மயிரிழை இடைவெளியில் காத்திருக்கும் உலோகக் கம்பியின் முனையைத் தொட்டதும் மின்சுற்று முழுமையடையும். மேலும் கீழுமான அசைவுக்கு வேறு ஏற்பாடு: சுருள்வில்லில் தொங்கும் ஓர் ஊசிமுனை, கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும்.

மின்னோட்டம் பாய்ந்த நொடியில் மின்காந்தம் கடிகாரத்தை நிறுத்திவிடும். நடுக்கம் தொடங்கிய நேரம் அதன் முகப்பில் அப்படியே நின்றுவிடும். கூடவே மணி ஒலிக்க, ஒரு காகிதச் சுருள் நகரத் தொடங்க, அதன்மீது பென்சில் கோடிடும். எந்தத் திசைக் குழாய் அசைந்தது என்பதிலிருந்து அதிர்வின் திசையையும் ஓரளவு கணிக்கலாம்.

ஆனால் இக்கருவிக்குத் தெரிந்தது 'தொட்டது', 'தொடவில்லை' என்ற இரண்டே நிலைகள். அலையின் வடிவத்தை இது வரையாது. தனியொரு கருவியாக நிற்பதால் அதிர்வு எந்த ஆழத்தில் பிறந்தது என்றும் சொல்லாது. அந்த ஆழம்தான் எரிமலையில் மிக முக்கியம். மேலேறும் பாறைக்குழம்பு சுற்றியுள்ள பாறையை உடைக்கும்போது சிறு நடுக்கங்கள் உண்டாகின்றன. குழம்பும் வாயுக்களும் பிளவுகளின் வழியே பாயும்போது இடைவிடாத மெல்லிய அதிர்வு எழுகிறது. ஒரே நடுக்கத்தின் அலைகள் பல நிலையங்களை வந்தடையும் நேரங்களை ஒப்பிட்டால்தான் அதன் பிறப்பிடத்தைக் கணக்கிட முடியும்.

பால்மியேரி கருவிக்கு இன்னொரு தேவையும் இருந்தது: அருகில் ஓர் ஆள். நின்ற கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதை மீண்டும் ஓடவிட யாராவது வேண்டும். 1872 ஏப்ரலில் எரிமலை வெடித்து, ஆய்வகம் நின்ற குன்றின் இருபுறமும் நெருப்புக்குழம்பு ஓடியபோதும் பால்மியேரி கட்டடத்தை விட்டுப் போகவில்லை. அதை வீரம் என்பார்கள். ஓரளவு அது கருவி இட்ட கட்டளையும்கூட. குழம்பு பிரிந்து ஓடியதற்குக் காரணம் குன்றின் உயரம், அதாவது இடத்தைத் தேர்ந்தவர்களின் கணிப்பு.

1944-க்குப் பின் வெசுவியஸ் வெடிக்கவில்லை. இன்று மலையெங்கும் உள்ள உணரிகள் நில அதிர்வையும் நிலத்தின் வீக்கத்தையும் வாயுக்களையும் அளந்து, நேப்பிள்ஸ் நகரிலுள்ள கண்காணிப்பு மையத்துக்கு நேரடியாக அனுப்புகின்றன. அங்கே இரவும் பகலும் முறை வைத்து ஆட்கள் திரைகளைப் பார்த்தபடி இருக்கிறார்கள்.